ஒரு ஏக்கரா, மூன்று ஏக்கரா: ஒரு பாகப்பிரிவினைக் கேள்விக்கு உரைநூல்களில் விடை தேடிய கதை

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு அம்மா எங்கள் ஆபீசுக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர், டெல்டாப் பக்கத்துக் கிராமம். துணிக்கடைக் கட்டைப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், சீனியர் கோர்ட்டிலிருந்து வந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு நாளிதழ்த் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன துண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு, உச்ச நீதிமன்றம் தீர்ப்பு என்று தலைப்பு.

"பேப்பர்ல சம பங்குன்னு போட்டிருக்கான். எங்க ஊர்ப் பக்கத்து வக்கீல், உனக்கு எண்பத்தஞ்சுலயே கல்யாணம் ஆயிடுச்சு, உனக்குக் கெடையாதுங்கிறாரு. எது தம்பி நெசம்?"

கேள்வி சீனியருக்குத்தான். ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, "ரெண்டு நாள்ல ஒரு நோட் போட்டுக் குடு" என்றார். அந்த இரண்டு நாள் ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளில் எந்தப் புத்தகத்தைத் திறந்தேன், எது என்னை ஏமாற்றியது, எது காப்பாற்றியது என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வு. ஊரையும் நில அளவையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன், சட்டக் கணக்கு கெடாதபடி.

வழக்கின் சங்கதி இது. ஒன்பது ஏக்கர் நஞ்சை, பட்டா அப்பா பெயரில். அப்பா 2003இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா 1999லேயே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: இந்த அம்மா மூத்தவர், இரண்டு தம்பிகள். இவருக்குக் கல்யாணம் 1985இல். 1998இல் அப்பாவும் தம்பிகளும் உட்கார்ந்து ஒரு கூர்சீட்டு, அதாவது யாருக்கு எந்தப் பாகம் என்ற பட்டியல், எழுதினார்களாம், பதிவு இல்லை, இவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. இப்போது நிலத்தை விற்கப் பார்க்கிறார்கள், வாங்குகிறவர் எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும் என்கிறார், அதனால் தம்பிகள் ஒரு தொகையைச் சொல்லி, உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கேட்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகை ஒரு ஏக்கருக்குக்கூடக் காணாது.

பழைய சட்டப்படி கணக்குப் போட்டால் இவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு. சொத்து பிதுரார்ஜிதம், அதாவது முன்னோர் வழி வந்த குடும்பச் சொத்து, என்று வைத்துக்கொண்டால், அப்பா சாவதற்கு ஒரு நொடி முன்பு பாகம் பிரிந்ததாகப் பாவித்து அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்றில் ஒன்று வீதம் ஒதுக்கி, அப்பாவின் மூன்றில் ஒன்றை மூன்று பிள்ளைகளுக்கும் பிரிக்க வேண்டும். அப்படியானால் ஒரு ஏக்கர். மகளும் பிறப்பாலேயே பங்காளி என்றால், அப்பா, மகள், இரண்டு மகன் என நாலு பங்கு, அப்பாவின் பங்கில் மறுபடி மூன்றில் ஒன்று, மொத்தம் மூன்றில் ஒரு பங்கு. மூன்று ஏக்கர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு ஏக்கர் டெல்டா நஞ்சைதான் நான் எந்தக் கட்டுரையை நம்புகிறேன் என்பதன் விலை.

நேராகத் தீர்ப்புகளுக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப் படித்தேன், புரிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஒரு பிரிவின் மேல் அறுபது எழுபது வருஷமாகக் குவிந்திருக்கும் தீர்ப்புகளில் எது இன்று உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. அதற்குத்தான் உரைநூல், சட்டக் கட்டுரை, சட்ட ஆணைய அறிக்கை, டைஜஸ்ட், சட்ட அகராதி எல்லாம். சட்டமும் தீர்ப்பும் முதல்நிலை ஆதாரம், அவற்றைப் பற்றிப் பேசுகிற எல்லாமே இரண்டாம் நிலை. அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் எல்லா நீதிமன்றத்தையும் கட்டும், உரைநூல் எந்த நீதிமன்றத்தையும் கட்டாது. ஆனாலும் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டுவது உரைநூல்தான்.

நான் முதலில் தோண்டியது கூகுளில். ராத்திரி பத்து மணி, வீட்டில் சாப்பாட்டு மேஜை, செல்போன். மகளின் பங்கு, அப்பா 2005க்கு முன் இறந்தால், என்று தட்டினேன். நாலு கட்டுரை கிடைத்தது. மூன்று வக்கீல்கள் எழுதியவை, நாலும் தெளிவாக எழுதப்பட்டவை.

2017இல் எழுதிய முதல் கட்டுரை, கிடையாது என்றது. ஆதாரம் பிரகாஷ் எதிர் பூலாவதி, 2015 அக்டோபரில் வந்த தீர்ப்பு. மகளையும் பங்காளியாக்கிய மத்தியத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பாவும் உயிரோடு இருக்க வேண்டும், மகளும் உயிரோடு இருக்க வேண்டும், அப்போதுதான் மகள் கோபார்சனர், அதாவது பிறப்பால் பங்கு பெறும் பங்காளி. நம் அம்மாவின் அப்பா 2003லேயே போய்விட்டார். கதை முடிந்தது.

இரண்டாவது கட்டுரை 2018 பிப்ரவரி. உண்டு என்றது. தனம்மா எதிர் அமர் வழக்கில் அப்பா 2001லேயே இறந்திருந்தும் மகள்களுக்குச் சம பங்கு கிடைத்திருக்கிறது. மூன்றாவது அதே வருஷம் ஜூன் வாக்கில், மறுபடி கிடையாது. ஏப்ரலில் வந்த மங்கம்மாள் எதிர் டி.பி. ராஜு, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு, பூலாவதி வழியில் போய் மகள்களுக்குப் பங்கு மறுத்திருந்தது. நாலாவதில் தேதியே இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை, ஒரு தீர்ப்பின் பெயரும் இல்லை, மகள்களுக்கு அப்பாவின் அனைத்துச் சொத்திலும் பிறப்பிலிருந்தே சம உரிமை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அன்றைக்கு ராத்திரி நம்ப விரும்பியது அதைத்தான், ஏனென்றால் அந்த அம்மாவின் முகம் ஞாபகத்தில் இருந்தது.

தேதி போட்ட மூன்றும் எழுதப்பட்ட நாளில் சரியானவையே. எழுதியவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டே நீதிபதிகள் கொண்ட அமர்வுகள் ஒன்றுக்கொன்று இழுத்துக்கொண்டிருந்த காலம் அது, அந்த மாதம் எது கடைசியோ அதை எழுதினார்கள். அப்புறம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகளின் பங்கு பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, பூலாவதியையும் மங்கம்மாளையும் செல்லாது என்றது, தனம்மாவையும் தன் தீர்ப்புக்கு முரணான அளவுக்குச் செல்லாது என்றது. மூன்று கட்டுரையும் ஒரே நாளில் காலாவதி. ஆனால் இணையத்தில் கட்டுரை காலாவதியானால் யாரும் அதன் மேல் முத்திரை குத்துவதில்லை, 2017 கட்டுரை இன்றும் தேடலில் மேலே வந்து நிற்கிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கட்டுரையைத் திறந்தால் முதல் பத்தியைப் படிப்பதில்லை, தேதியைப் பார்க்கிறேன். தேதி இல்லையென்றால், அது குறிப்பிடும் தீர்ப்புகளில் கடைசித் தீர்ப்பு எந்த வருஷம் என்று பார்க்கிறேன். அதுதான் அந்தக் கட்டுரையின் உண்மையான வயது. 2022இல் பதிவேற்றிய கட்டுரையில் கடைசித் தீர்ப்பு 2016 என்றால் அது 2016 கட்டுரை, யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த ஊர்ப் பக்கத்து வக்கீலுக்கும் வருவோம். அவர் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாடு 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 29-ஏ பிரிவைச் சேர்த்து மகளைக் கோபார்சனர் ஆக்கியது, மத்திய அரசுக்கு 16 வருஷம் முன்பே. அதில் ஒரு வரி உண்டு: அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகளுக்கு அது பொருந்தாது. அவர் கையில் இருந்திருக்கக்கூடியது அந்தக் காலத்துச் சட்டப் புத்தகமோ, அதை வைத்து எழுதிய ஒரு தமிழ்க் கையேடோ. மாநிலத் திருத்தத்தைப் பற்றி அந்தக் கையேடு சரியாகவே சொல்லியிருக்கும். 2005இல் மத்தியச் சட்டம் 39 வந்து கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றிய 6ஆம் பிரிவையே மாற்றி எழுதியபோது கல்யாணம் என்ற தடையே அதில் இல்லை. இப்போதும் சில மலிவுப் பதிப்புகளில் 6ஆம் பிரிவு புதிதாகவும், சில பக்கம் தள்ளி மாநிலத் திருத்தம் என்று 29-ஏ பழையபடியும் அச்சாகி இருக்கும், இரண்டுக்கும் உறவு என்ன என்று ஒரு வரிகூட இருக்காது. எந்த ஆட்சிப் பரப்பு, எந்தச் சட்டமன்றம், எது எதை மீறும் என்று சொல்லாத இரண்டாம் நிலை ஆதாரம் தப்பாக இல்லாமலேயே தப்பு வழி காட்டிவிடும்.

சரி, வினீதா சர்மா கிடைத்துவிட்டது, மூன்று ஏக்கர், நோட் முடிந்தது என்று மூன்றாம் நாள் சீனியரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிதுரார்ஜிதம்னு யார் சொன்னா?"

அந்த அம்மா சொன்னார், நாளிதழ் சொன்னது, நாலு கட்டுரையும் சொன்னது. நான் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை.

சீனியர் அறையில் ஒரு அலமாரி முழுக்க இந்து சட்ட உரைநூல்கள். அதில் இரண்டு எல்லா வக்கீல் ஆபீசிலும் இருப்பவை: மெய்ன், முல்லா. ஜான் மெய்ன் மெட்ராஸில் வக்கீல் தொழில் பார்த்தவர், அவருடைய நூல் முதலில் வந்தது 1878இல். முல்லாவின் நூல் 1912. இரண்டும் இன்றுவரை பதிப்பு மாறி மாறி வருகின்றன, வேறு வேறு பதிப்பாசிரியர்கள் கையில். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெய்ன் இப்படிச் சொல்கிறார் என்று வாதத்தில் எழுதுகிறோமே, 1878இல் நூல் எழுதியவர் 1956 சட்டத்தைப் பற்றி எப்படிச் சொல்வார்? அந்தப் பத்தி பதிப்பாசிரியருடையது. அவர் ஓய்வு பெற்ற நீதிபதியாக இருக்கலாம், பெரிய அறிஞராக இருக்கலாம், ஆனால் அட்டையில் இருக்கும் பெயரின் கனத்தை அந்தப் பத்திக்குக் கொடுக்க முடியாது. முன்னுரையைப் படித்தால்தான் எந்தப் பகுதி யாருடையது என்று தெரியும். நான் அதுவரை எந்த உரைநூலின் முன்னுரையையும் படித்ததில்லை. என்னோடு படித்தவர்கள் யாரும் படித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

எடுத்தது ஒரு பழைய பதிப்பு, வினீதா சர்மாவுக்கு ரொம்ப முந்தியது. 6ஆம் பிரிவைப் பற்றி அது சொல்வது இன்றைக்கு உதவாது. அதனால் அதை மூடி வைத்துவிடப் போனேன். சீனியர்தான், 6ஐ விடு, 8ஐப் படி என்றார்.

உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து எந்த வாரிசுக்குப் போகும் என்று சொல்வது 8ஆம் பிரிவு, அதற்கு முப்பது பக்கத்துக்கு மேல் உரை. அதில் ஒரு அடிக்குறிப்பு. அப்பா தானே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்தை விட்டுவிட்டு உயில் எழுதாமல் 1956க்குப் பிறகு இறந்தால் மகனுக்கு அது 8ஆம் பிரிவின் வழியாக வருகிறது, அப்படி வந்தது மகன் கையில் தனிச் சொத்தா, இல்லை மகனுடைய மகன்களுக்கும் பிறப்பால் பங்குள்ள குடும்பச் சொத்தா என்ற கேள்வியும், அதற்குப் பக்கத்தில் ஒரு வழக்கின் பெயரும்: செல்வ வரி ஆணையர், கான்பூர் எதிர் சந்தர் சென், 1986. வாரிசு வழக்கே இல்லை, வரி வழக்கு. கூகுளில் மகளின் பங்கு என்று எத்தனை முறை தட்டியிருந்தாலும் அது என் முன்னால் வந்திருக்காது.

தீர்ப்பைத் தேடிப் படித்தேன். அதிலும் சுவையான சங்கதி ஒன்று. நான் எந்த மெய்னையும் முல்லாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ அதே நூல்களை நீதிமன்றமும் எடுத்துப் பார்த்திருக்கிறது. உயர் நீதிமன்றங்கள் அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தன, மெட்ராஸும் அலகாபாத்தும் ஒரு பக்கம், குஜராத் மறு பக்கம். உச்ச நீதிமன்றம் உரைநூல்களைக் கவனித்துவிட்டு, கடைசியில் தீர்மானித்தது 8ஆம் பிரிவின் வாசகத்தை வைத்து. முதல் வகை வாரிசுப் பட்டியலில் மகன் இருக்கிறான், முன்பே இறந்த மகனின் மகன் இருக்கிறான், உயிரோடு இருக்கும் மகனின் மகன் இல்லை. சட்டமே விட்டுவிட்டவரைப் பழைய சாஸ்திரத்தை வைத்து உள்ளே கொண்டு வர முடியாது. ஆகவே அப்படி வந்த சொத்து மகனுக்குத் தனிச் சொத்து.

இதை நம் வழக்கில் வைத்துப் பாருங்கள். நிலம் தாத்தாவுடைய சுயார்ஜிதமாக இருந்து, தாத்தா 1956 ஜூன் 17க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது அப்பாவுக்குத் தனிச் சொத்து. அப்பா 2003இல் இறந்தபோது அதே 8ஆம் பிரிவின்படி மகளுக்கும் மகன்களுக்கும் சமமாக மூன்றில் ஒன்று. மகளுக்கு அப்பாவின் தனிச் சொத்தில் சம பங்கு 1956லிருந்தே இருக்கிறது. 2005 திருத்தமும் வேண்டாம், பூலாவதியும் வேண்டாம், வினீதா சர்மாவும் வேண்டாம், கல்யாணம் 85ஆ 89ஆ என்ற கேள்வியே எழாது. நான் மூன்று நாள் விடை தேடிக்கொண்டிருந்தது வேறொருவருடைய கேள்விக்கு.

போன் போட்டேன். "அம்மா, உங்க தாத்தா எப்ப தவறினாரு?"

"எனக்கு ரெண்டு வயசாம் தம்பி. பாத்த ஞாபகமே இல்ல."

பிறந்தது 1962. அப்படியானால் 1964. நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, "பரம்பரைச் சொத்துதான், தாத்தா காலத்துலேருந்து இருக்கு" என்றார். தாத்தா காலத்திலிருந்து இருந்தால் பூர்வீகம் என்பது ஊர் வழக்கு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை, நாளிதழ்களும் பாதி நேரம் ஊர் வழக்கில்தான் எழுதுகின்றன. அந்த நாளிதழ்த் துண்டிலும் பூர்வீகச் சொத்து, தந்தையின் சொத்து என்ற இரண்டு சொல்லும் ஒரே பத்தியில் ஒரே பொருளில் வந்திருந்தன. மகள் வாழ்நாள் முழுக்க மகள்தான் என்ற வரியைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். அழகான வரி, தீர்ப்பில் இருக்கிறது, ஆனால் அந்த வரியால் யாருக்கும் பங்கு கிடைக்காது.

ஆறாம் நாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுப் போட்டோம். குமாஸ்தா இரண்டு தடவை நடந்து வாங்கி வந்தார். 1948 கிரையப் பத்திரம், கையெழுத்துப் பிரதி, பாதி எழுத்து கூட்டெழுத்து. அதில் வாங்குகிறவரை, மேற்படி கிராமத்தைச் சேர்ந்து தற்சமயம் பினாங்கில் வியாபாரம் செய்துவரும், என்று எழுதியிருந்தது. அந்த ஒரு தொடரை நானும் குமாஸ்தாவும் விளக்குக்கு நேரே பிடித்து மூன்று முறை படித்தோம். தாத்தா அக்கரைச் சீமையில் சம்பாதித்து வாங்கிய நிலம். அந்த அம்மாவுக்கே தெரியாத சங்கதி.

இதோடு முடியவில்லை, முடிந்திருந்தால் ஆறு நாளில் நோட் தயார். சந்தர் சென் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் இல்லையா? பழைய பதிப்பின் அடிக்குறிப்பை நம்பிப் போய் நின்றால் பூலாவதி கட்டுரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இந்தியன் கானூன் தளத்தில் ஒரு தீர்ப்பைத் திறந்தால், பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்பு அதைக் குறிப்பிடுகிறது என்ற பட்டியலைப் பார்க்கலாம். இலவசம். ஆனால் குறிப்பிட்டது ஏற்றுக்கொண்டா, விலக்கியா, வெறுமனே பேர் சொல்லியா என்று நாம்தான் திறந்து படிக்க வேண்டும். காசு கட்டும் தரவுத்தளங்கள் அடையாளம் போட்டுத் தரும், அந்த அடையாளமும் ஒரு பதிப்பாசிரியர் போட்டதுதான் என்பதை மறக்காமல் இருந்தால் நல்லது. ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளாக வடிகட்டியதில் இரண்டு கிடைத்தன. உத்தம் எதிர் சௌபாக் சிங், 2016, சந்தர் சென் வழியிலேயே போகிறது. அர்ஷ்நூர் சிங் எதிர் ஹர்பால் கவுர், 2019, எதிர்ப்பக்கம் போவது மாதிரி முதலில் பயம் காட்டியது. படித்தால், அங்கே சொத்துக்காரர் இறந்து வாரிசுரிமை எழுந்தது 1956க்கு முன்பு, அதனால் மிதாக்ஷரம் என்ற பழைய சாஸ்திரச் சட்டப்படி அது குடும்பச் சொத்தாகவே தொடர்ந்தது என்கிறார்கள். அதாவது தாத்தா இறந்த வருஷம்தான் தாழ்ப்பாள். 1964 என்பதற்கு இறப்புச் சான்று வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

அர்ஷ்நூர் சிங் பற்றி ஒரு கட்டுரை, சந்தர் சென் இனி செல்லாது என்கிற தொனியில் எழுதியிருந்தது. எழுதியவர் தலைக்குறிப்பை மட்டும் படித்திருக்கிறார் என்பது என் ஊகம். தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதி அல்ல, சட்ட இதழின் ஆசிரியர் குழு எழுதும் சுருக்கம். 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் காலத்திலிருந்து நம் வக்கீல்கள் தலைக்குறிப்பில் வாழப் பழகியவர்கள், நானும்தான். நல்ல இதழ்களில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் வழக்கின் சங்கதி என்ன என்பது அதில் சுருங்கிப்போகும், சங்கதி சுருங்கினால் 1956க்கு முன்னா பின்னா என்பது காணாமல் போகும்.

மேற்கோளைச் சரிபார்த்தபோது இன்னொன்று. வினீதா சர்மாவை மாற்று வாதமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சீனியர் சொன்னதால், முடிவுரைப் பத்தியை எடுக்கப் போனேன். ஒரு கட்டுரை அதைப் பத்தி 129 என்கிறது, இன்னொன்று 137 என்கிறது. ஒன்று தப்பு என்று நினைத்து இரண்டையும் தேடினால், இரண்டும் சரி: நீதிமன்றம் வெளியிட்ட தீர்ப்பில் 129, எஸ்.சி.சி. என்ற சட்ட இதழ்த் தொகுப்பில் 137. பத்தி எண்ணைப் போடும்போது எந்தப் பதிப்பு என்றும் போட வேண்டும், போடாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அப்படி ஒரு பத்தியே இல்லையே என்பார், நீதிபதி நம்மைப் பார்ப்பார். இது சின்ன விஷயம்தான். இல்லாத தீர்ப்பையே எடுத்து நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜூனில் நியூயார்க் பெடரல் நீதிமன்றம், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த வழக்குகளை மனுவில் வைத்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டது. அந்த வழக்குகளின் பெயர், எண், தேதி எல்லாமே நிஜம் மாதிரியே இருந்தன. என் வாட்ஸ்அப் குழுக்களிலும் மேற்கோள் எண்ணோடு சட்டக் குறிப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

சட்ட ஆணையத்தின் 174ஆவது அறிக்கையையும் படித்தேன், 2000ஆம் ஆண்டு மே மாதம் வந்தது, இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றியது. வழக்குக்கு நேரடியாக உதவவில்லை. ஆனால் கேரளம் 1975இல் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது, ஆந்திரம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகம் நான்கும் அதை வைத்துக்கொண்டு மகளை உள்ளே சேர்த்தன என்ற வரலாறு அதில் ஒரே இடத்தில் இருக்கிறது, 2005 திருத்தம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசிப்பு இல்லை. எச்சரிக்கை ஒன்று: அறிக்கையின் முடிவில் ஆணையம் ஒரு மாதிரி மசோதாவைச் சேர்த்திருக்கிறது. அது பரிந்துரை. நாடாளுமன்றம் இயற்றியது வேறு வாசகம்.

இனி கூர்சீட்டு. தம்பிகள் இதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். சொத்து பிதுரார்ஜிதம் என்றே வைத்தாலும், 2005 திருத்தம் காப்பாற்றுவது 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளை, அதாவது மசோதா மாநிலங்களவையில் வைக்கப்பட்ட நாளுக்கு முந்தியவற்றை. அதிலும் பதிவான பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை வழியாக நடந்ததைத்தான் 6ஆம் பிரிவு பாகப்பிரிவினை என்கிறது. வாய்மொழிப் பாகத்தை, பொது ஆவணங்கள் ஆதரிக்கும் விதிவிலக்கான நிலையில் மட்டும் ஏற்கலாம் என்று வினீதா சர்மாவில் சொன்னார்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது, அதனால் அந்த வழி அவர்களுக்குக் கடினம். தனிச் சொத்து என்று நாம் நிறுவிவிட்டால் இன்னும் கடினம்: தனிச் சொத்தில் மகன்களுக்குப் பிறப்பால் பங்கே இல்லாதபோது அப்பா எதைப் பாகம் பிரிப்பார்? மகன்களுக்குக் கொடுக்க நினைத்திருந்தால் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அவர்களுக்கும் வாதம் இல்லாமல் இல்லை. தாத்தா பினாங்குக்குப் போன செலவும் முதலும் குடும்ப நிலத்து வருமானம், அதனால் வாங்கியதும் குடும்பச் சொத்தே என்று சொல்லலாம். அப்பா தன் தனிச் சொத்தைக் குடும்பப் பொதுவில் கலந்துவிட்டார், கூர்சீட்டே அதற்குச் சாட்சி என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. தன் தனி உரிமையை விட்டுக்கொடுக்கும் தெளிவான எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது நெடுநாள் சட்டம், அதற்கான தீர்ப்புகளையும் அந்தப் பழைய உரைநூல்தான் வரிசையாகக் கொடுத்தது. 6ஆம் பிரிவில் காலாவதியான அதே புத்தகம், கலப்புக் கோட்பாட்டில் பக்கா. ஒரு நூலை மொத்தமாக நம்புவது, மொத்தமாகத் தள்ளுவது என்பதெல்லாம் சட்டத்தில் நடக்காது, பிரிவு பிரிவாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போது அந்தப் பதிப்பின் 6ஆம் பிரிவு தொடங்கும் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், 2020க்கு முந்தியது, வினீதா சர்மா பார்க்கவும் என்று.

நோட் ஒன்பதாம் நாள் போனது, நாலரைப் பக்கம். அதில் உரைநூல் மேற்கோள் ஒன்றுகூட இல்லை. சட்டப் பிரிவுகள், ஐந்து தீர்ப்புகள், 1948 பத்திரத்தின் நகல். சீனியர் படித்துவிட்டு ஒரு இடத்தில் மட்டும் திருத்தினார்: முதன்மை வாதம் 8ஆம் பிரிவு, மாற்று வாதம் 6ஆம் பிரிவு என்று தலைப்பிட்டிருந்தேன், அவர் இரண்டின் முடிவிலும் மூன்றில் ஒரு பங்கு என்று பென்சிலால் எழுதினார், எந்தக் கதவு திறந்தாலும் அறை ஒன்றுதான் என்று நீதிபதிக்கு முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டுமாம்.

அந்த அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாயிற்று, தம்பிகள் வக்காலத்து போட்டிருக்கிறார்கள், எதிருரைக்கு இரண்டாவது வாய்தா வாங்கியிருக்கிறார்கள். நாளிதழ்த் துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது வேண்டாம் என்றார், தாத்தாவின் பத்திர நகலில் ஒரு ஜெராக்ஸ் மட்டும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.